சொல்லுக்கு இவ்வளவு

தமிழில் சொற்கள் நீளமாக இருப்பதற்கு நான் பொறுப்பாளி அல்ல. இந்த ஒரு வசனத்தை மின்னஞ்சலில் எழுதி, மூன்று தரம் அழித்து, நாலாம் தரம் அழிக்காமல் கொழும்புக்கு அனுப்பினேன். கோபத்தில் அனுப்பியதுதான். எனக்குக் கோபம் வந்தால் கையில் நம்பிக்கை இருக்காது. அப்பாவுக்கும் அப்படித்தான். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். கோபம் வந்த நாட்களில் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை மற்ற மொழியிலும், நீதவான் கேட்பதைத் தமிழிலும் எடுத்துச் சொல்வது என் வேலை. ஒருவர் "ஓம்" என்று ஒரே சொல்லில் ஆமோதித்து முடித்தாலும், இன்னொருவர் ஒரு மணித்தியாலம் அழுதழுது சொன்னாலும் எனக்கு ஒரே சம்பளம். தொண்டையில் ஒரு கட்டி வந்து, அதை வெட்டியெடுத்த பிறகு என் குரல் மண்டபத்தின் கடைசி வாங்கு வரை போகவில்லை. முன்கூட்டியே ஓய்வு எடுத்தேன். திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில், குசினிக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, எழுத்து மொழிபெயர்ப்பைத் தொடங்கினேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, மருத்துவ அறிக்கை. எல்லாம் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான். அதுவரை யாரும் என் சொற்களை எண்ணியதில்லை.

எண்ணத் தொடங்கியது கொழும்பில் ஒரு நிறுவனம். மூன்று மொழிகளிலும் புத்தகம் போடுகிறவர்கள். பெயர் வேண்டாம். அவர்கள் தந்த முதல் வேலை, குடும்பநல மருத்துவ மாதுக்களுக்கான ஒரு கைநூல். ஆங்கிலத்தில் நாற்பதாயிரம் சொல். அதைத் தமிழில் தரவேண்டும், சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். நாற்பதாயிரத்தால் பெருக்கிப் பார்த்து, கூரையின் மேற்குப் பக்கத்து ஓடுகளை மாற்றலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மாதம் வேலை செய்தேன். நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி, பனிக்குடம் என்று ஒவ்வொன்றையும் தமிழில் பேறு பார்க்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரித்து விசாரித்து எழுதினேன். பாலையூற்றில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற மருத்துவ மாதுவிடம் எத்தனையோ தரம் போய் வந்தேன்.

ஒப்படைத்த பிறகு வந்த கடிதத்தில் சொல் எண்ணிக்கை இருபத்தேழாயிரம் என்று இருந்தது.

ஏதோ அத்தியாயம் விடுபட்டுவிட்டது என்று பதறிப்போய் ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தமிழர், இளம் ஆள், மிகவும் மரியாதையாகக் கதைப்பவர். ஒன்றும் விடுபடவில்லை என்றார். நான் தந்த தமிழ்ப் பிரதியைக் கணினி எண்ணியபோது அவ்வளவுதான் வந்ததாம். நாங்கள் ஒப்படைப்பதற்குத்தான் பணம், ஒப்படைத்தது தமிழ், ஆகவே தமிழை எண்ணினார்கள்.

கணினிக்குத் தமிழ் தெரியாது. ஒரு இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளி வரை அதற்கு ஒரு சொல். "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று நான் எழுதினால் அது ஒன்று. அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறு சொல் வேண்டும். ஆறையும் வாசித்து, விளங்கி, அதில் யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் கட்டித் தருகிறேன். அதற்கு ஒரு சொல்லின் கூலி. இதை அவருக்கு விளக்கினேன். மிகவும் சுவாரசியமாக இருக்கிறது மிஸ் என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

விட்டுவிட்டேன். ஓடு மாற்றவில்லை. அந்த வருட மாரிக்கு மேற்குப் பக்கத்தில் இரண்டு வாளி வைத்தோம்.

பிறகு அந்தக் கைநூலின் வெளியீட்டுக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தவரைச் சந்தித்தேன். குருநாகல் பக்கத்து ஆள், என் வயது, பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். தேநீர் நேரத்தில் இரண்டு பேரும் பனிக்குடத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, கூலியில் வந்து நின்றோம். அவருடைய சிங்களப் பிரதி முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வந்திருந்தது. சிங்களத்தில் அவ்வளவாகச் சேர்த்து எழுதுவதில்லை. அதே புத்தகம், அதே வேலை, அதே மாதங்கள். என் எண்ணிக்கையைச் சொன்னதும் அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தன் பையிலிருந்து நான் எடுத்துவிட்டதைக் கண்டவர்போல் என்னைப் பார்த்தார். உண்மையில், என் பையிலிருந்து தான் எடுத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவர் என்ன பிழை செய்தார் மன்னிப்பதற்கு?

வீட்டுக்கு வந்து நிறுவனத்துக்கு எழுதினேன். மூலப் பிரதியை எண்ணுங்கள் என்றேன். ஆங்கிலம் எல்லாருக்கும் பொது, மூன்று மொழிக்காரருக்கும் ஒரே அளவு வரும். முடியாது, ஒப்படைப்பதுதான் கணக்கு என்று பதில் வந்தது. அப்படியென்றால் எழுத்துகளை எண்ணுங்கள் என்றேன். அதற்கு ஒருங்கிணைப்பாளர், தமிழ் எழுத்துகளைக் கணினி கூட்டிக் காட்டும் மிஸ், "கி" என்பது ஒரு எழுத்து, ஆனால் கணினி அதை இரண்டாக எண்ணும், ஆகவே அதைப் பாதியாகக் குறைக்க வேண்டிவரும் என்று எழுதினார். கணினி எங்களைக் குறைத்து எண்ணினால் அது கணினியின் முடிவு. கூட்டி எண்ணினால் அதைத் திருத்த மனிதர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன மின்னஞ்சலை எழுதியது அன்றைக்குத்தான்.

அதற்கு நாலு மாதம் கழித்து அவர்களே இன்னொரு வேலையோடு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். அனுப்பிய கொப்பிகளில் ஒன்றைத் திறந்து முதல் பக்கத்தை வாசித்ததுதான் நான் விட்ட பிழை.

மூதூர் இறங்குதுறையில் முப்பது வருடம் தேநீர்க் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி தன் வாழ்க்கையை ஒன்பது தடித்த சீ.ஆர். கொப்பிகளில் எழுதியிருந்தார். சாதாரணப் பெண்கள் எழுதுகிற வாழ்க்கைக் கதைகள் என்று நிறுவனம் ஒரு வரிசை தொடங்கி, ஊர் ஊராக அறிவித்தல் கொடுத்திருந்தது. அதைப் பார்த்து எழுதியவர். மூதூரில் எல்லாரும் அவரை அக்கா என்ற பொருளில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரை விடப் பத்து வயது இளையவள் நான், பிறகு நானும் அப்படியே கூப்பிட்டேன். திருகோணமலைக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏற நிற்கிற சனத்தைப் பற்றியது முதல் பக்கம். ஆசுபத்திரிக்குப் போகிறவர்கள் சீனி போடாமல் குடிப்பார்களாம், வழக்குக்காகக் கோட்டுக்குப் போகிறவர்கள் பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போவார்களாம். கோட்டில் அந்த ஆட்களின் வாயைத்தான் நான் இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பாதித் தேநீரை விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது.

வேலை இதுதான்: கையெழுத்தைத் தட்டச்சு செய்து, திருத்தி, தமிழ்ப் புத்தகத்துக்கு ஆயத்தமாக்குவது. பிறகு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது. என் ஆங்கிலத்திலிருந்து குருநாகல் அதிபர் சிங்களத்துக்குக் கொண்டுபோவார். இந்த முறை ஒப்படைப்பது ஆங்கிலம், எண்ணிக்கை கூடும், போன முறை விட்டதைக் கொஞ்சம் பிடிக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக் கையொப்பம் வைத்தேன். ஒரு முற்றுப்புள்ளிக்காக வழக்குகள் நாள்கணக்கில் இழுபடுவதைப் பார்த்தவள், ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தை ஒழுங்காக வாசிக்கவில்லை.

தமிழ்ப் பிரதியை ஆறு கிழமையில் முடித்து அனுப்பினேன். ஆங்கிலத்தில் பாதி தாண்டியபோது அதிபர் தொலைபேசி எடுத்தார். நானும் அவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவர் தன் ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்திருக்கிறார். இந்த முறை மூலப் பிரதியின் எண்ணிக்கைக்குத்தான் கூலியாம். அவருக்கு மூலம் என் ஆங்கிலம். எனக்கு மூலம் ராத்தாவின் தமிழ். "நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எனக்குப் பணம் வருகிறது. உங்களுக்கு வரவில்லை" என்றார்.

மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

அதாவது, தமிழுக்கு மொழிபெயர்த்தால் ஒப்படைப்பதை எண்ணுவார்கள். தமிழிலிருந்து மொழிபெயர்த்தால் மூலத்தை எண்ணுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் தமிழைத்தான் எண்ணுவார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் ஏன் என்று கேட்டேன். இப்போதைய வழமை அப்படித்தான் மிஸ் என்றார். போன வருடம்? அது அப்போதைய வழமை. இந்த ஆளிடம் கத்துவதற்குக்கூட என்னிடம் குரல் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், கழுவிய கோப்பைகளையெல்லாம் திரும்பவும் கழுவினேன்.

இந்தக் கோபத்தில் நான் இருந்தபோதுதான் ராத்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. அதுவரை இரண்டு முறைதான் கதைத்திருக்கிறோம், இரண்டும் கையெழுத்து விளங்காத இடங்களைக் கேட்பதற்கு. நிறுவனத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. எழுதியவருக்கும் சொல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் என்று கடிதத்தில் போட்டிருந்ததாம்.

"தங்கச்சி, என்ட கொப்பியில ஏதும் விட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டார். "நான் எண்ணினது இருபத்தெட்டாயிரத்து நானூத்திப் பதினொண்டு."

அவர் எண்ணியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு இலக்கம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய கடைக் கொப்பியில் எழுதியிருக்கிறார், தேநீர்க் கணக்கு என்று நினைத்துத் தட்டச்சில் விட்டுவிட்டேன். அறிவித்தலில் சொல்லுக்குப் பணம் என்று போட்டிருந்ததால், ஒரு பக்கம் எழுதி முடிந்ததும் விரல் வைத்து எண்ணி மூலையில் எழுதியிருக்கிறார். முப்பது வருடம் கடை நடத்தியவர் வேறு எப்படிச் செய்வார்?

நான் ஒன்றும் விடவில்லை, சரிபார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொப்பிகளை மேசையில் பரப்பினேன். பக்கம் பக்கமாகத் தட்டச்சோடு ஒப்பிட்டேன். ஒரு வரி விடுபடவில்லை. மூன்றாம் கொப்பியில் ஒரு வசனத்தில் என் பேனை நின்றது. "லோஞ்சு போய்க் கொண்டு இருந்த நேரம்" என்று அவர் எழுதியிருந்தார். நான் "லோஞ்சு போய்க்கொண்டிருந்த நேரம்" என்று அடித்திருந்தேன். அவருக்கு ஐந்து. எனக்கு மூன்று. அடுத்த வரியில் "விட்டுப் போட்டு வந்து விட்டார்கள்". நான் அதை "விட்டுப்போட்டு வந்துவிட்டார்கள்" ஆக்கியிருந்தேன். நாலு இரண்டாகியிருந்தது.

ஒன்பது கொப்பியிலும் இதைத்தான் செய்திருந்தேன். அச்சில் சேர்த்து எழுதுவதுதான் அழகு என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். என் பிரதி சுத்தமாக இருக்கும் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காக அவருடைய ஆறாயிரம் சொல்லை, ஒவ்வொரு இடைவெளியாக, நானே அழித்திருக்கிறேன். கொழும்பில் எனக்கு யாரோ செய்தார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்த அதே மேசையில் இருந்து செய்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எவர் மீது போடுவதென்று தெரியவில்லை. கணவர் சாப்பிட வரச் சொன்னதற்கு அவர் மீது போட்டேன்.

மறுநாள் முதல் வேலையாக ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். எழுத்தாளரின் சொற்களை நான் சேர்த்ததால் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அவருடைய கையெழுத்தை எண்ணிக் கூலி கொடுங்கள் என்று. பதில் அன்றைக்கே வந்தது. கையெழுத்தில் பிரித்து எழுதப்பட்டவை எழுத்துப் பிழைகளாம். பிழைகளுக்குப் பணம் கொடுப்பதைக் கணக்காய்வு ஏற்காதாம். மேலும், அவர் தானே எண்ணியதை எப்படி நம்புவது, கையெழுத்தில் எது இடைவெளி என்று யார் சொல்வது என்றும் கேட்டிருந்தார்.

ஒன்பது கொப்பிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மூதூர் பஸ் ஏறினேன். கச்சான் காற்று அடிக்கிற காலம். சீனக்குடா தாண்டும்போதே வாயெல்லாம் மண். கிண்ணியாப் பாலத்தில் பஸ் நிறைந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். அவரை அதுவரை நேரில் கண்டதில்லை. இறங்குதுறைக்குக் கிட்ட, கடையும் வீடும் ஒன்றாக இருந்த கட்டடம். பாலங்கள் வந்து லோஞ்சில் சனம் குறைந்த பிறகு கடையை மூடிவிட்டார். முன்னறையில் கடையின் நீள வாங்கு மட்டும் இன்னும் இருந்தது. மெலிந்த, உயரமான மனுஷி. என்னை அந்த வாங்கில் இருத்தி, கேட்காமலே தேநீர் கொண்டுவந்தார்.

குடிக்க முதல் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

"ராத்தா, கொழும்பில ஆரும் உங்கட சொல்லை எடுக்கேல்ல. நான்தான் சேர்த்தனான்."

விளங்கவில்லை அவருக்கு. கொப்பியையும் என் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டார். பிழை என்று நினைத்தேன் என்றேன்.

"நான் எழுதினதை ஒங்களுக்கு வாசிக்க ஏலாம இருந்ததா?"

"இல்ல. நல்லா வாசிச்சனான்."

"பிறகு என்னத்துக்கு?"

அச்சில் அதுதான் அழகு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள் என்றேன். திட்டவில்லை. சரி, எண்ணுவோம் என்றார்.

மூன்று நாள் போனேன். காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புவேன். அவர் சத்தமாக வாசிப்பார், நான் ஒவ்வொரு சொல்லுக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். இடைவெளி சந்தேகமான இடத்தில் நிறுத்தி, ஒன்றா இரண்டா என்று கேட்பேன். முதல் நாளே தகராறு வந்தது. ஒரு பக்கத்தில் "சொல்லிக் கொண்டு" என்று இரண்டாக எழுதியவர், அடுத்த பக்கத்தில் "சொல்லிக்கொண்டு" என்று சேர்த்து எழுதியிருந்தார். அதையும் இரண்டாக எண்ணுவோம் என்றேன்.

"அங்க ரெண்டு. இங்க ஒண்டுதான். அண்டைக்குக் கை அப்படிப் போயிருக்கு."

"பிரிச்சு எண்ணினா உங்களுக்குத்தான் நல்லம் ராத்தா. அவங்கள் எங்களுக்குச் செய்யிறதைப் பாருங்கோ."

"தேயிலை நிறுக்கிற நேரம் தட்டில விரல வைக்கிற மாதிரி அது. நான் வச்சா, பிறகு அவங்க வைக்கிற விரல எந்த வாயால கேக்கிற?"

எனக்கு அவர் மீதும் எரிச்சல் வந்தது என்பதை ஒளிக்கத் தேவையில்லை. இந்த நேர்மையை வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்க முடியாது என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒன்று என்று கோடு போட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் முடிந்தபோது, அவர் முன்னர் எண்ணியதை விட முப்பத்தேழு குறைவாக வந்தது. அந்த முப்பத்தேழையும் எங்கே கூட்டி எண்ணினார் என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் என்னைப் போகவிட்டார்.

ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, பென்சில் கோடுகளோடு, இரண்டு பேரும் கையொப்பம் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். கூடவே நான் எழுதினேன்: இந்தக் கையெழுத்து எண்ணிக்கையை ஏற்கும் வரை ஆங்கிலப் பிரதி வராது. குருநாகல் அதிபரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. விசயத்தைக் கேள்விப்பட்டு அவராகவே, ஆங்கிலம் வந்தாலும் தான் தொடங்கப்போவதில்லை, எழுத்தாளருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் முதலில் தீர்த்துவையுங்கள் என்று எழுதிவிட்டார். அவருக்கு இதில் ஒரு சதமும் லாபம் இல்லை.

இரண்டு கிழமை சத்தமில்லை. பிறகு கணினித் திரையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நிறுவனத்தின் பணிப்பாளர் முதல்முறையாக வந்தார், வெள்ளைத் தலை, களைத்த முகம். ஒருங்கிணைப்பாளர் ஒரு அட்டவணையைத் திரையில் போட்டு, கணினியின் எண்ணிக்கை ஏன் பக்கச்சார்பற்றது என்று விளக்கினார். என் முறை வந்தபோது என் குரல் கட்டிவிட்டது. ஒரே ஒரு பக்கத்தை உங்கள் கண்ணால் எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பணிப்பாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இடைவெளி தெரியும். மூன்றாம் கொப்பியின் ஒரு பக்கத்தைத் திரையில் பெரிதாக்கச் சொல்லி, பேனை முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு அதே பக்கத்தின் என் தட்டச்சை எண்ணினார்.

"இந்த அம்மா எழுதியது இதுதானே?" என்று கொப்பியைக் காட்டிக் கேட்டார். ஓம் என்றேன். "அப்படியென்றால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும்" என்றார்.

ராத்தாவுக்கு முழுதாகக் கிடைத்தது, முப்பத்தேழு குறைத்து. என் விசயத்தைக் கதைக்கத் தொடங்கியபோது பணிப்பாளருக்கு வேறு கூட்டம் இருந்தது. பிறகு வந்த கடிதத்தில், நான் கையொப்பம் வைத்த ஒப்பந்தம் செல்லுபடியாகும் என்றும், என் தட்டச்சுப் பிரதியின் இருபத்திரண்டாயிரம்தான் எனக்குரிய மூலம் என்றும் இருந்தது. ராத்தாவின் கையெழுத்து ராத்தாவுக்கு மட்டும்தான் மூலமாம். என் ஆங்கிலம் முப்பத்தாறாயிரத்தைத் தொட்டிருந்தது. அதிபர் தன் கூலியில் ஒரு பங்கை எனக்குத் தருவதாகச் சொன்னார். எனக்குப் பிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதரிடம் சொல்லக்கூடாத சொல். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டேன், இந்த முறை கேட்க வேண்டியவள் நான்தான். சிரித்தார். ஆனால் முன்னர் கதைத்த மாதிரி இப்போது கதைப்பதில்லை.

ஆங்கிலத்தைக் குறித்த நாளில் ஒப்படைத்தேன். எந்த வசனத்திலும் குறை வைக்கவில்லை. அவர்கள் தந்த கூலிக்கு ஏற்றமாதிரி வேலை செய்ய எனக்குத் தெரியாது. அது தெரியாதவர்களை வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

புத்தகம் மூன்று மொழியிலும் வந்தது. தமிழ்ப் பிரதியை ராத்தாவின் இடைவெளிகளோடு அச்சிடச் சொல்லிக் கேட்டேன், அவர்கள் என் சுத்தமான பிரதியைத்தான் அச்சிட்டார்கள். ராத்தாவுக்கு அதில் பெரிய கவலை இல்லை. தன் படம் கறுப்பாக விழுந்துவிட்டது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. இப்போது நான் யாருடைய கையெழுத்தைத் தட்டச்சு செய்தாலும் அவர்கள் விட்ட இடத்தில் விடுகிறேன், சேர்த்த இடத்தில் சேர்க்கிறேன். திருத்த வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் திருத்துகிறேன். என் பிரதிகள் இப்போது அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை.

அந்த நிறுவனத்திலிருந்து எனக்கு அதன் பிறகு வேலை வரவில்லை. அவர்கள் அந்த வரிசையில் அடுத்த புத்தகத்தை மட்டக்களப்பில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கையொப்பம் வைக்க முன்னர் யாரிடமோ என் இலக்கத்தை வாங்கி அவர் தொலைபேசி எடுத்தார். அக்கா, இவர்கள் எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டார். குரல் கட்டும் வரை சொன்னேன். எந்தப் பக்கம் போனாலும் ஆங்கிலத்தை எண்ணவேண்டும் என்று எழுத்தில் கேள், கையெழுத்துப் பிரதி இருந்தால் அதை எழுதியவர் விட்ட இடைவெளிப்படி எண்ணவேண்டும் என்று கேள், மூன்றாம் பக்கத்தை வாசி என்றேன்.

ஒரு கிழமையில் திரும்ப எடுத்தார். சந்தோசமாக இருந்தார். கேட்டவுடன் மாற்றிவிட்டார்களாம். ஒரு வரிதான் அக்கா, அந்தத் தம்பி உடனே மாற்றி அனுப்பிவிட்டார், நல்ல பிள்ளை என்றார்.

அவருக்கு நல்லது நடந்ததில் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அன்றைக்கு மத்தியானமே கணினிக்கு முன்னால் இருந்தேன். ஒரு வரியை மாற்ற ஒரு கிழமை போதுமென்றால், இரண்டு வருடமாக எனக்குச் சொன்ன வழமை எங்கே போனது என்று கேட்டு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். பதினைந்து சொல்லுக்குள் முடிகிற மின்னஞ்சல், யார் எப்படி எண்ணினாலும். பதில் இன்னும் வரவில்லை.